கத்தின குரல் உருகின வருசம்

2017 மே மாதம். நாங்கள் அப்ப ஒன்பதாம் தரம். ரியூசன் முடிஞ்சு, சைக்கிள்களை மதிலோடு சாத்திவிட்டு, ஒருத்தன்ர போனைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம். லிங்கின் பார்க் இசைக்குழுவின் புது அல்பம் வந்திருந்தது. பாட்டு ஓடுது, ஓடுது, எங்கேயும் கத்தல் வரவில்லை. கிற்றார் இடிக்கவில்லை. முடிஞ்சதும் எங்களில் ஒருத்தன் தீர்ப்புச் சொன்னான்: "இவங்கட கதை முடிஞ்சுது மச்சான். பொப் ஆகிட்டாங்கள்." எல்லாரும் சிரிச்சோம். ஒருத்தன் மட்டும், "எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான். "உனக்கென்ன, லவ் பெயிலியரோ?" என்று கேட்டோம். அதுக்குப் பிறகு அவன் அந்தப் பாட்டுகளைப் பற்றி எங்களோடு கதைக்கவே இல்லை.

சரியாக இரண்டு மாதத்தில், ஜூலை 20ஆம் திகதி, அந்தப் பாட்டுகளைப் பாடின செஸ்டர் பெனிங்டன் தன்ர உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 41.

இந்தக் கட்டுரை எங்கட அந்தச் சிரிப்பைப் பற்றியது. ஒரு ரொக் குழு தன்ர சத்தத்தை எப்படிக் கழற்றி வைத்தது, அதைக் கேட்கிறதுக்கு எங்களுக்கு ஏன் காது இருக்கவில்லை என்ற இரண்டையும் சேர்த்து யோசிச்சுப் பார்க்கிறோம்.

லிங்கின் பார்க் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அண்ணாமாரின் கையால். போர் முடிஞ்சு ஏ9 பாதை திறந்த பிறகு லண்டனில், கனடாவில் இருந்து வந்த மாமா பிள்ளையள் பென் டிரைவில் கொண்டுவந்த பாட்டுகள், மெமரி கார்டில் இருந்து மெமரி கார்டுக்குத் தாவிப் பரவின. ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் விளங்கினது. கத்தல் முழுசா விளங்கினது. வீட்டில் கத்த முடியாது, பள்ளிக்கூடத்தில் கத்த முடியாது. எங்களுக்காக ஒருத்தன் கலிபோர்னியாவில் இருந்து கத்தினான். அது போதுமாக இருந்தது.

குழுவின் முதல் அல்பம் 'ஹைப்ரிட் தியரி' 2000 ஒக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்றது. 2003இல் 'மெற்றியோரா' வந்தது. அண்ணாமாரின் ரிங்டோனாக இருந்த 'நம்' என்ற பாட்டு அதில்தான் இருக்கிறது. மரத்துப்போன நிலை என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். இந்தக் காலத்துப் பாட்டுகள் பலதுக்கும் ஒரு பொது அமைப்பு உண்டு. மைக் ஷினோடா அடக்கமான குரலில் ராப்பில் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். பல்லவி வந்ததும் பெனிங்டன் வெடிப்பார். அடக்கினது எல்லாம் அந்த ஒரு இடத்தில் உடையும். கேட்கிறவனுக்கும் உடைஞ்ச மாதிரி ஒரு ஆறுதல் வரும்.

அந்தக் கத்தல் விளம்பரத்துக்காகச் செய்த ஒன்றாக எங்களுக்கு ஒருபோதும் கேட்டதில்லை. பெனிங்டன் 1976இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தன்னைவிட மூத்த ஒருவரால் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதையும், தாய் தகப்பன் பிரிஞ்சதையும், போதைக்கு அடிமையாக இருந்ததையும் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் பாட்டுக்குள் அந்த நோவு பெரும்பாலும் கோபத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தது. யாரோ ஒரு 'நீ' எதிரில் நிற்பான். அவனைப் பார்த்துக் கத்தலாம்.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 2007இல் வந்த 'மினிட்ஸ் ரு மிட்நைட்' அல்பத்தை ஷினோடாவோடு சேர்ந்து தயாரித்தவர் ரிக் ரூபின். பழைய ராப்-மெற்றல் கலவையை விட்டு வெளியே வரவேண்டும் என்று குழு அங்கேதான் முதலில் முடிவெடுத்தது. மெதுவான பாட்டுகள் அதில் பல. 2010இல் 'எ தௌசண்ட் சன்ஸ்' இன்னும் தூரம் போனது. அணுகுண்டின் தந்தை எனப்படும் ஓப்பன்ஹைமரின் குரல் பதிவு அதில் வருகிறது. ஆயிரம் சூரியன் என்ற தலைப்பே அவர் நினைவுகூர்ந்த பகவத்கீதைச் சுலோகத்தின் வழி வந்ததுதான். பழைய ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2014இல் 'த ஹன்டிங் பார்ட்டி' என்று திரும்பவும் கனமான, வேகமான ஒரு அல்பம் போட்டார்கள். ரசிகர்கள் 'வந்துட்டாங்கள்' என்று கொண்டாடினார்கள். கழற்றின கவசத்தை ஒருக்கா எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்த மாதிரித்தான் இப்ப எங்களுக்கு அது கேட்கிறது.

பிறகு 2017 மே 19இல் 'வன் மோர் லைட்'. பத்துப் பாட்டு, மொத்தம் 35 நிமிசம் அளவில். அட்டையில் கடலலையில் விளையாடுகிற சிறுவர்கள். இந்த முறை குழு வேலை செய்த விதமே வேறு. முன்பு இசையைக் கட்டிவிட்டு அதுக்கு மேலே சொல் வைப்பது வழக்கம். இப்ப முதலில் என்ன சொல்லப் போகிறோம் என்பதை இருந்து கதைத்து, சொல்லையும் மெட்டையும் எழுதி, அதைச் சுற்றித்தான் இசையைக் கட்டினார்கள். வெளியில் இருந்து பாடலாசிரியர்களையும் கூப்பிட்டார்கள். முதலில் வெளியான 'ஹெவி' என்ற பாட்டில் கியாரா என்ற இளம் பாடகி பெனிங்டனோடு சேர்ந்து பாடுகிறார். பாரம் என்பதுதான் தலைப்பு. பாட்டில் எதிரி என்று ஒருத்தரும் இல்லை. பாரத்தைத் தூக்கி வைத்திருக்கிறவனும் அதை விடமுடியாமல் இருக்கிறவனும் ஒரே ஆள். முந்தின பாட்டுகளில் பல்லவியில் உடைகிற அந்தக் கட்டு இதில் உடையவே இல்லை. கேட்கிற எங்களுக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ரசிகர்களின் எரிச்சலுக்கு நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. அல்பத்தின் சத்தம் அந்த வருசத்து வானொலிப் பாட்டுகளின் சத்தத்துக்குக் கிட்டத்தான் இருந்தது. கிற்றாரைத் தேடவேண்டி இருந்தது. குரலை வெட்டி ஒட்டி வைத்த சில இடங்கள் இன்றைக்கும் எங்களுக்குச் சப்பென்றுதான் இருக்கிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தில் அறிமுகமானது. அதே நேரம் விமர்சகர்களும் பழைய ரசிகர்களும் வறுத்து எடுத்தார்கள். காசுக்கு விலைபோய்விட்டார்கள் என்ற குற்றச்சாட்டுத்தான் பெனிங்டனை அதிகம் சுட்டது. பேட்டிகளில் அவர் அதுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவில்லை, கோபமாகவே சொன்னார்.

ஆனால் எங்கட எரிச்சல் சத்தத்தைப் பற்றியது மட்டும்தானா? 'பொப்' என்று நாங்கள் சொன்னபோது 'சத்தம் மாறிட்டுது' என்று மட்டும் சொல்லவில்லை. 'பெட்டையள் மாதிரி அழுறாங்கள்' என்றுதான் சொன்னோம். கத்துகிற ஆம்பிளையை எங்களுக்கு விளங்கும். 'எனக்கு ஏலாமல் இருக்கு' என்று சாதாரணக் குரலில் சொல்லுகிற ஆம்பிளைக்கு என்ன பதில் சொல்லுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் சிரிச்சோம்.

இது பதினாலு வயதுக் குணம் மட்டும் இல்லை. எங்கட ஊரின் பாட்டு வரலாறும் இதுக்குள் இருக்கிறது.

முதலில் அந்தப் 'பொப்' என்ற சொல். எங்கட அப்பப்பாமாரின் இளமையில் அது வசைச்சொல்லாக இருக்கவில்லை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பேச்சுத் தமிழில் பாடின இளைஞர்களின் பாட்டுக்குப் பெயர் பொப்பிசை. உரும்பிராயில் பிறந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், 'சிலோன் மனோகர்' என்று இந்தியாவிலும் பெயர்பெற்ற ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் இலங்கை வானொலி வழியாக வீடு வீடாகப் போனவை. பைலாவின் தாளம், கேலி, கிண்டல், கலியாண வீட்டுக் குதூகலம். கள்ளுக்கடையைப் பற்றின பாட்டுக்குக்கூட ஊர் சிரிச்சுக்கொண்டுதான் ஆடினது. குடியால் அழிஞ்ச குடும்பம் எந்த ஒழுங்கையில் இல்லை? ஆனால் கிற்றாரோடு அதைச் சொல்லவேண்டும் என்றால் பகிடியாகச் சொல்லவேண்டி இருந்தது.

அதே காலத்தில் வானொலியில் இன்னொரு வாசலும் திறந்திருந்தது. எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் ஈழத்துக் கவிஞர்களின் வரிகளை எடுத்து மெல்லிசை என்ற பெயரில் பாடினார்கள். தனிமையும் ஏக்கமும் அங்கே இருந்தன. ஆனால் துள்ளலுக்கு ஒரு தட்டு, மென்மைக்கு இன்னொரு தட்டு என்று வேறு வேறாகத்தான் பரிமாறப்பட்டன.

பிறகு போர் வந்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்ட கதையை எங்கட வீடுகளில் கேட்காத பிள்ளை இல்லை. சுற்றுகிறவரின் கை களைச்சால் பாட்டும் இழுபடும். அப்படிக் கஷ்டப்பட்டுக் கேட்ட பாட்டுகளில் எழுச்சிப் பாட்டுகள் முக்கியமானவை. பிறகு 2017 பெப்ரவரியில் எஸ்.ஜி. சாந்தன் நோயில் இறந்தபோது, அந்தக் குரலோடு வளர்ந்த ஒரு தலைமுறையே அஞ்சலிக்குத் திரண்டதை நாங்கள் பார்த்தோம். அந்தப் பாட்டுகளின் அரசியலை இங்கே எடைபோட வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறோம்: அவற்றில் பேசுகிறவர் பெரும்பாலும் 'நாங்கள்'. 'எனக்குப் பயமாக இருக்கு, நித்திரை வருகுதில்லை' என்று சொல்லுகிற 'நான்' ஒருத்தருக்கு அங்கே இடம் குறைவு. அந்தக் காலம் அதைத் தாங்கியிருக்காது என்று அப்பாமார் சொல்லுவார்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

2009க்குப் பிறகு வளர்ந்த எங்களுக்குக் கோயில் திருவிழா மேடைகளில் கிடைத்தது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு. அதில் ஆம்பிளை அழலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: காரணம் ஒரு பெண்ணாக இருக்கவேண்டும். 2011இல் 'கொலவெறி' வந்த பிறகு அந்தப் பாட்டுகளுக்கு 'சூப் பாட்டு' என்று ஒரு பெயரே வந்தது. விட்டுட்டுப் போன பெட்டையைத் திட்டிக்கொண்டு அழுதால் நண்பர்கள் தோளில் கை போடுவார்கள். காரணம் சொல்லத் தெரியாத துக்கத்துக்குத் தோள் இல்லை. எங்கட கூட்டாளி 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்றதும் நாங்கள் 'லவ் பெயிலியரோ' என்று கேட்டது சும்மா வாயில் வந்த பகிடி என்றுதான் கனகாலம் நினைச்சிருந்தோம். எங்களுக்குத் தெரிஞ்சிருந்த துக்கம் அது ஒன்றுதான்.

அப்ப உருகுகிற ஆம்பிளை எங்கட மண்ணுக்கே புதுசா? இதைத் தேடப் போனபோதுதான் நாங்கள் கொஞ்சம் தடுமாறினோம்.

செத்த வீட்டில் ஒப்பாரி வைப்பது பெண்களின் வேலை; ஆம்பிளைகள் வெளியில் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருப்பார்கள். இதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச படம். ஆனால் அதே செத்த வீட்டில், சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப்படுகிறது. திருவாசகம் முழுக்கவே ஒரு ஆம்பிளையின் அழுகைதானே? தான் கீழானவன், தனக்கு ஏலாது, தன்னை விட்டுவிடாதே என்று மாணிக்கவாசகர் 'நான்' என்ற இடத்தில் நின்று உருகுகிறார். எங்கட பள்ளிக்கூடங்களில் காலமைப் பிரார்த்தனையில் நாங்களே அதைப் பாடியிருக்கிறோம், கொட்டாவி விட்டுக்கொண்டு.

இன்னொன்று, நடிகமணி வி.வி. வைரமுத்து. காங்கேசன்துறையைச் சேர்ந்த அவர் தன்ர வசந்த கான சபாவோடு அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேற்றினார். அரசனாக இருந்தவன் சுடலை காக்கிறான். தன்ர பிள்ளையின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற மனைவியிடமே அவன் கூலி கேட்கவேண்டும். குடாநாட்டின் கிராமம் கிராமமாகச் சனம் பாயோடு போய் விடிய விடிய இருந்து பார்த்தது ஒரு ஆம்பிளை பாட்டிலே உடைவதைத்தான். கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். என்றாலும் அழுவதற்காகத் திரும்பத் திரும்பப் போனார்கள். பக்கத்தில் இருந்த ஆம்பிளைகளும் கண் துடைச்சார்கள் என்று எங்கட பாட்டிமார் சொல்லுகிறார்கள்.

ஆகவே உருகுதல் எங்களுக்கு அந்நியம் இல்லை. ஆனால் அதுக்குக் கடவுள் வேண்டும், அல்லது அரிச்சந்திரன் போல ஒரு வேசம் வேண்டும். வேசமும் இல்லாமல், சாமியும் இல்லாமல், காதலியும் இல்லாமல் ஒருத்தன் ரீசேட்டோடு வந்து நின்று 'எனக்குப் பாரமாக இருக்கு' என்று சொன்னதைத்தான் நாங்கள் கேட்டுப் பழகியிருக்கவில்லை.

2017 மே 18க்குத் திரும்பிப் போவோம். அது எங்கட ஊரில் என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. முள்ளிவாய்க்காலில் சனம் விளக்கேற்றி அழுத அதே நாளில், அமெரிக்காவில் பெனிங்டனின் நெருங்கிய நண்பரான பாடகர் கிறிஸ் கோர்னெல் இறந்துபோனார். அன்றைக்கு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஹெவி' பாடுவதாக இருந்த லிங்கின் பார்க், அதை மாற்றி 'வன் மோர் லைட்'டைப் பாடினது. குழுவோடு வேலை செய்த ஒரு தோழி புற்றுநோயில் இறந்த துக்கத்தில் பிறந்த பாட்டு அது. எத்தனையோ கோடி விளக்குகளில் ஒன்று அணைஞ்சால் என்ன என்று கேட்கிற உலகத்துக்கு, அந்த ஒன்றும் கணக்கில் உண்டு என்று சொல்லுகிற பாட்டு. யூரியூபில் அந்த ஒளிப்பதிவு இருக்கிறது. பெனிங்டனின் குரல் நடுங்குகிறது. கத்தி அந்த நடுக்கத்தை மறைக்க அவருக்குத் தெரியும், பதினேழு வருசமாக மேடைகளில் கத்தினவர். அன்றைக்கு அவர் கத்தவில்லை.

இறந்த பிறகு எல்லாம் தலைகீழானது. அல்பத்தைத் திட்டினவர்களே, 'ஐயோ, எல்லாத்தையும் முதலிலேயே சொல்லியிருக்கிறார்' என்று எழுதினார்கள். நாங்களும் முகநூலில் கறுப்புப் படம் போட்டோம். ஆனால் அந்த அல்பத்தை மரண வாக்குமூலமாக வாசிப்பதும் அதைக் கேட்காமல் விடுகிற இன்னொரு வழிதான் என்று இப்ப நினைக்கிறோம். அது பல பேர் சேர்ந்து எழுதினது. அதில் ஷினோடா தன்ர பிள்ளைகளை விட்டுவிட்டுச் சுற்றுப்பயணம் போகிறதுக்கு மன்னிப்புக் கேட்கிற பாட்டும் இருக்கிறது. தலைப்புப் பாட்டு, இருக்கிறவர்களைப் பிடிச்சு வைத்திருக்கப் பாடினது. பாடினவர் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பாட்டுகள் உண்மைதான். ஒருத்தர் சொல்லுகிறதை நம்புவதற்கு அவர் சாகவேண்டும் என்றால் பிழை கேட்கிற பக்கத்தில் இருக்கிறது.

2017 ஒக்டோபர் 27ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் ஹொலிவுட் போல் அரங்கில் நினைவுக் கச்சேரி நடந்தது. 'நம்' பாட்டு வந்தபோது யாரும் பாடவில்லை. மேடை நடுவில் பூ வைத்த மைக் ஒன்று, அதன்மேல் ஒரு வெளிச்சம். குழு வாசிச்சது. ஆயிரக்கணக்கான சனம் பாடினது. கத்தவேண்டிய இடத்தில் அவர்களில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். குழு பல வருசம் அமைதியாக இருந்து, 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ரோங் என்ற பாடகியோடு திரும்பி வந்தது. அவர் கத்துகிறார், நன்றாகவே கத்துகிறார். கேட்டு நாங்களும் சந்தோசப்பட்டோம். கத்தல் கூடாது என்று இந்தக் கட்டுரையில் எங்கேயும் சொல்லவில்லை.

எங்கட கூட்டாளி இப்பவும் எங்களோடுதான் இருக்கிறான். போன வருசம் கடற்கரையில் இருந்து கதைக்கும்போது, ஒன்பதாம் தரத்தில் அந்த அல்பத்தைத் தான் ராவு ராவாகக் கேட்டதாகச் சொன்னான். அந்த நேரம் வீட்டில் நடந்ததுகளையும் சொன்னான். அது அவன்ர கதை, இங்கே எழுதமாட்டோம். "அண்டைக்கு ஏனடா சொல்லேல்லை?" என்று ஒருத்தன் கேட்டான். "சொன்னனான்தானே. பாட்டுப் பிடிச்சிருக்கு எண்டு சொன்னனான்," என்றான்.

அதுக்கு எங்களிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பலகாலம் உளமருத்துவராகவும் மருத்துவ பீடத்தில் ஆசிரியராகவும் இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், போர் எங்கட மனங்களுக்குச் செய்ததைப் பற்றி நாங்கள் பிறக்க முந்தியே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவை எங்கட நூலகங்களில் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆனால் ஒருத்தன் அந்த இலக்கத்தை அழுத்துவதற்கு முந்தி, பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிற நாலு பேரிடம் ஒருக்கா சொல்லிப் பார்க்கிறான். சிலவேளை 'இந்தப் பாட்டுப் பிடிச்சிருக்கு' என்ற அளவில்தான் சொல்லுகிறான்.

கவனிச்சிருப்பீர்கள், இந்தக் கட்டுரையும் 'நாங்கள்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. சிரிச்சது யார், 'முடிஞ்சுது மச்சான்' என்று தீர்ப்புச் சொன்னது யார் என்று எழுதவில்லை. ஐந்து பேருக்குள் ஒளிச்சு நிற்பது சுகமாக இருக்கிறது. எழுதி முடிச்சு அவனிடம் வாசிக்கக் கொடுத்தபோது அவன் கேட்டதும் அதைத்தான்: "இதில நீ எங்க நிக்கிறாய்?"

தீர்ப்புச் சொன்னது நான்தான்.